பள்ளக் கொல்லையும் நான்கு செம்மர வரைபடங்களும்

செம்மரம் தானாக வளரத் தோதான இடம் எதுவென்று மழை, வெயில் கணக்கை வைத்துக் கணித்துப் பார்க்கும் வேலையை மூன்று மாதமாக ராத்திரி நேரத்தில் செய்துகொண்டிருந்தேன். போன வாரம்தான் நான்காவது வரைபடம் ஒழுங்காக வந்தது. முதல் மூன்றும் தப்பு. எங்கெங்கே தப்பினேன் என்பதைச் சூட்டோடு சூடாக எழுதி வைக்கிறேன். அடுத்து இதைத் தொடுகிறவர்களுக்கு இரண்டு மாதமாவது மிச்சமாகும்.

குடியாத்தம் பக்கம் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். படித்தது தாவரவியல். கணினியில் வரைபடம் போடுவது பிறகு நானாகப் பழகியது. கன்று வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது “எங்க நெலத்துல இது வருமா?” என்றுதான். மண் செம்மண்ணா, மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்வேன். சொந்தச் சித்தப்பாவிடம் அந்த இரண்டு கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை. 2019இல் அவர் 200 செம்மரக் கன்று எடுத்துப்போய்ப் பள்ளக் கொல்லையில் 3 மீட்டர் இடைவெளியில் நட்டார். இரண்டு வருடம் நன்றாகத்தான் வந்தன. 2021 நவம்பரில் பாலாறும் கவுண்டன்ய ஆறும் கரைபுரண்டு ஓடிய அந்த மழைக்கு, கொல்லையில் மூன்று வாரம் தண்ணீர் நின்றது. பொங்கலுக்குள் இலை மஞ்சளித்து, நுனி கருகி, 166 கன்று போய்விட்டது.

சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

செம்மரம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் தானாக வளர்கிறது. சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமல்லா, நல்லமலாவின் தென்கோடி, அப்புறம் ஆந்திர எல்லையை ஒட்டிய நம் பக்கத்து ஓரங்கள். அவ்வளவுதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள மரம். இவ்வளவு சின்ன இடத்துக்குள் ஏன் அடங்கிக் கிடக்கிறது, குடியாத்தம் அந்த எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தேன். முறை எளிது. மரம் இப்போது நிற்கும் இடங்களின் மழை, வெப்பக் கணக்கைக் கணினிக்குக் கொடுத்தால், அதே சாயலில் இருக்கும் வேறு இடங்களை அது எடுத்துக் காட்டும்.

8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. மென்பொருள் மூன்று: வரைபடம் வெட்டி ஒட்ட க்யூஜிஐஎஸ், கணக்குக்கு ஆர், கணிப்புக்கு மேக்ஸென்ட். மூன்றுமே இலவசம். காலநிலைத் தரவுக்கு வேர்ல்ட்கிளிம் 2.1. இது 1970 முதல் 2000 வரையான சராசரி. ஆண்டு மழை, வறண்ட மாதத்து மழை, குளிர்ந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பம் என்று 19 அடுக்குகள், பயோ 1 முதல் பயோ 19 வரை. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத் தருவார்கள், நிமிடமும் விநாடியும் பாகையின் பங்குகள். 2.5 நிமிடக் கட்டம் என்றால் 600 எம்பி சொச்சம், செல்போன் டேட்டாவிலேயே இறங்கிவிடும். 30 விநாடிக் கட்டம் 10 ஜிபிக்குக் கிட்டத்தட்ட வரும். எனக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். அதனால் முதலில் சின்னதை இறக்கி வேலையை ஆரம்பித்தேன். முதல் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

மரம் நிற்கும் இடங்களின் பட்டியலை, எந்த உயிர் எங்கே பதிவானது என்று உலகம் முழுக்கத் திரட்டி வைத்திருக்கும் ஜிபிஐஎஃப் தளத்தில் எடுத்தேன். கணக்குத் தொடங்கினால் போதும், காசு கிடையாது. சில நூறு வரிசைகள் வந்தன. இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்யவே மூன்று வாரம் ஆனது. மொத்த வேலையில் உருப்படியாகக் கழிந்தது இந்த மூன்று வாரம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆங்கிலப் பொதுப்பெயரில் தேடியபோது ஆனைக்குண்டுமணி மரமும் சேர்ந்து வந்தது. அதற்கும் ‘ரெட் சாண்டல்வுட்’ என்று ஒரு பெயர் உண்டு. டெரோகார்பஸ் சாண்டலினஸ் என்ற அறிவியல் பெயரில்தான் தேட வேண்டும். அப்படித் தேடினாலும் படத்தைத் திறந்து பார்க்காமல் நம்பக்கூடாது. இரண்டு படத்தில் இருந்தது வேங்கை. செம்மரத்துக்கு ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலை, வட்டமாக, நுனி லேசாகக் குழிந்திருக்கும். வேங்கைக்கு ஐந்து முதல் ஏழு. நாற்றங்காலில் தினமும் தொடுகிற இலை என்பதால் சட்டென்று தெரிந்தது.

புள்ளிகளை வரைபடத்தில் போட்டதும் ஒன்று நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் போய் விழுந்தது. வடதுருவத்துப் பனிக்காட்டில் செம்மரமா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. யாரோ அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். திருப்பதி 13.6 வடக்கு, 79.4 கிழக்கு. மாற்றிப்போட்டால் 79.4 வடக்கு, 13.6 கிழக்கு, நேரே ஸ்வால்பார்டு. அதைத் திருப்பிப் போட்டுக் காப்பாற்றினேன். தாவரவியல் பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் நட்டு வளர்த்த மரங்களை எடுத்துவிட்டேன். மாவட்டத் தலைநகரின் நட்டநடுவில் நின்ற புள்ளிகளையும் எடுத்தேன். அவை பழைய உலர்தாவர மாதிரிகள். ஊர்ப் பெயரை வைத்துப் பின்னால் யாரோ இடம் குறித்தவை.

இன்னொன்று கவனிக்க வேண்டும். அழியும் நிலையில் உள்ள உயிர்களின் இடத்தை, பொதுமக்கள் படம் எடுத்துப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் வேண்டுமென்றே மங்கலாக்கி, 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கேயோ ஒரு புள்ளியாகத்தான் வெளியிடும். உண்மையான இடம் 20 கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். ஜிபிஐஎஃப் பட்டியலில் ‘பிழை அளவு’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் 1,000 மீட்டருக்கு மேல் போட்டிருந்த எதையும் கணிப்புக்கு எடுக்கவில்லை. தூக்கியும் போடவில்லை, தனிக் கோப்பில் வைத்தேன். பின்னால் உதவியது.

இடத்தை மறைப்பதில் எனக்கு முழுச் சம்மதம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள் அதில் பலர். இந்த மரத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்சு எடுத்தால் அந்தச் செய்தியில்தான் வந்து நிற்கும். அதனால் என் புள்ளிப் பட்டியலை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. கீழே சொல்லும் வரைபடத்தைக்கூட மலைப் பெயர் அளவில்தான் விவரிக்கிறேன்.

கடைசியில் 58 புள்ளி மிஞ்சியது. ஒன்றுக்கொன்று 5 கிலோமீட்டராவது தள்ளி இருக்கும்படி கழித்ததும் 31.

முதல் வரைபடத்துக்கு 19 அடுக்கையும் அப்படியே கொடுத்தேன். ஒப்பிடும் பின்னணிப் பரப்பாக முழு இந்தியாவையும் கொடுத்தேன். மேக்ஸென்ட் வழக்கமாக எடுக்கும் 10,000 பின்னணிப் புள்ளிகள் காஷ்மீரிலிருந்து குமரி வரை சிதறின. பத்து நிமிடத்தில் முடிவு வந்தது. கணிப்பின் தரத்தைச் சொல்லும் ஏயூசி மதிப்பு 0.98. அதில் 1 என்றால் முழுசாகச் சரி, 0.5 என்றால் பூவா தலையா போட்ட மாதிரி. ராத்திரி ஒரு மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன். எங்கள் ஊர் அடர் பச்சையாக, 0.78 என்று நின்றது. காலையில் அதைச் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது. “டேய், 78ன்னு போட்டிருக்கியே, நூத்துக்கு எழுபத்தெட்டு பொழைக்கும்னு அர்த்தமா?”

“இல்ல சித்தப்பா, அந்த எடம் எவ்ளோ தோதுன்னு ஒரு மதிப்பு.”

“தோதான எடத்துலதான் நூத்தி அறுவத்தாறு செத்துச்சா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேக்ஸென்ட் கொடுக்கும் எண் கன்று பிழைக்கும் சதவீதம் இல்லை. ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடத்தான் அது உதவும். இதை நான் படித்திருந்தேன், ஆனால் பச்சை நிறத்தைப் பார்த்ததும் நானும் அவர் படித்தபடியேதான் படித்தேன். அன்றிலிருந்து வரைபடத்தில் எண் போடுவதை நிறுத்திவிட்டு, தோது, நடுத்தரம், தோதில்லை என்று மூன்று நிறத்தோடு விட்டுவிட்டேன்.

0.98 வந்த காரணம் அடுத்த வாரம் புரிந்தது. முழு இந்தியாவோடு ஒப்பிட்டால் செம்மரம் இமயமலையில் இல்லை, தார் பாலைவனத்தில் இல்லை, சிரபுஞ்சியில் இல்லை என்று கணினி சரியாகச் சொல்லிவிடும். அதைச் சொல்லக் கணினி எதற்கு? எனக்கு வேண்டியது வேலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் உள்ள வித்தியாசம். பரப்பை 11.5 முதல் 16.5 வடக்கு, 77 முதல் 80.5 கிழக்கு என்று வெட்டினேன். ஏயூசி 0.81க்கு இறங்கிவிட்டது. எண் குறைந்தாலும் கணிப்பு இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது.

இரண்டாவது வரைபடத்துக்கு 30 விநாடிக் கட்டம் எடுத்தேன். பிரவுசிங் சென்டரில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து 64 ஜிபி பென்டிரைவில் இறக்கினேன். 2.5 நிமிடக் கட்டம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். சேஷாசலம் மாதிரி மலையில் அந்த நாலரை கிலோமீட்டருக்குள் அடிவாரமும் வரும், உச்சியும் வரும். இரண்டையும் கலந்து ஒரு சராசரி வெப்பம் போட்டால் மரம் எதில் நிற்கிறது என்றே தெரியாது. 30 விநாடிக் கட்டம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த வரைபடத்தில் ஒரு விசித்திரம். கடப்பாவுக்கும் திருப்பதிக்கும் நடுவில், கத்தரியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெளிர் மஞ்சள். மலையோ ஆறோ அந்த இடத்தில் இல்லை. ஒவ்வோர் அடுக்காகத் திறந்து பார்த்ததில் குற்றவாளி பயோ 8 என்று தெரிந்தது. அதிக மழை பெய்யும் மூன்று மாதத்தின் சராசரி வெப்பம் அது. கடப்பாப் பக்கம் ஆவணி, புரட்டாசியில் மழை கூடுதல். திருப்பதி, நகரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கூடுதல். நடுவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் இடத்தில், ஒரு கட்டத்தில் தென்மேற்கு ஒரு மில்லிமீட்டர் முந்தினால் அங்கே 27 டிகிரி சொச்சம் என்று விழும். பக்கத்துக் கட்டத்தில் வடகிழக்கு ஒரு மில்லிமீட்டர் முந்தினால் 25 என்று விழும். நடந்துபோனால் பத்து நிமிடத் தூரம்தான், ஆனால் கணக்கில் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். பயோ 9, 18, 19 மூன்றும் இதே வகையில் மாதத்தையும் அளவையும் கலந்து செய்தவை. நம் மாதிரி இரண்டு பருவமழை சந்திக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் இந்த நான்கையும் முதல் நாளே ஒதுக்கி வைப்பது நல்லது.

மிச்சம் 15 அடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிப்போகிறவை நிறைய. 31 புள்ளிக்கு 15 அடுக்கு அதிகம். ஒட்டுறவு 0.8க்கு மேல் இருந்த ஜோடிகளில் ஒன்றை விட்டுக் கழித்துக்கொண்டே வந்து, ஆண்டு மழை, மழை ஏற்ற இறக்கம், வறண்ட காலாண்டு மழை, வெப்ப ஏற்ற இறக்கம், குளிர்ந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பம் என்று ஐந்தில் நிறுத்தினேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் எதிர்காலத்தையும் பார்த்துவிடலாம் என்று, முன்பு எப்போதோ இறக்கி வைத்திருந்த, 2050இன் காலநிலைக் கணிப்புக் கோப்பைக் கொடுத்தேன். முழு வரைபடமும் வெளுத்துவிட்டது. திருமலையிலிருந்து நல்லமலா வரை ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. அன்றைக்கு நாற்றங்காலில் செம்மரக் கன்றுக்குத் தண்ணீர் விடும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. மறுநாள் அந்தக் கோப்பில் ஒரு கட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். ஆண்டு வெப்பம் 287 என்றது. பழைய 1.4 பதிப்பில் வெப்பத்தைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்திருப்பார்கள், 28.7 என்பது 287 ஆக இருக்கும். 2.1 பதிப்பில் அந்தப் பழக்கம் இல்லை. நான் 28 டிகிரியில் பழக்கிய மரத்தை 287 டிகிரியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். புதிய பதிப்பின் எதிர்காலக் கோப்புகளைப் பிறகு சரியாகவே போட்டுப் பார்த்தேன், 2041 முதல் 2060 வரை, மூன்று காலநிலை மாதிரிகள். வெப்பம் கூடும் என்பதில் மூன்றும் ஒத்துப்போயின. மழையில் ஆளுக்கொரு திசை. அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

மூன்றாவது வரைபடத்தில் திருமலையைச் சுற்றி மட்டும் அடர் பச்சை திட்டாக நின்றது. காரணம் மரம் இல்லை, மனிதர்கள். அலிபிரி படிக்கட்டில் நடக்கிறவர்கள் போகிற வழியில் படம் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். வெலிகொண்டாவின் உள்காட்டுக்கு யார் போய்ப் படம் எடுப்பார்கள்? இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே பரப்பில் பதிவான மற்ற எல்லா மரங்களின் புள்ளிகளையும் இறக்கி, அவற்றையே பின்னணிப் புள்ளியாகக் கொடுத்துவிட வேண்டும். ஆட்கள் அதிகம் போகும் இடம் இரண்டு பக்கமும் அதிகமாகவே வரும், அந்தச் சாய்வு தட்டிக்கழியும். செய்ததும் திருமலைத் திட்டு தணிந்து, லங்கமல்லாவும் வெலிகொண்டாவும் மேலே வந்தன.

ஆனால் அதே வரைபடம் ஆற்காடு, ஆரணி, திருவண்ணாமலை, நெல்லூர்க் கடலோரச் சமவெளி எல்லாவற்றையும் தோது என்றது. அங்கெல்லாம் காட்டில் ஒரு செம்மரம் தானாக முளைத்து நான் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. அடுக்கை மாற்றி, கணக்கை மாற்றி, இரண்டு வாரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா, அங்கிருந்து கோடூர் சாலை. மாமண்டூர் வரை 130 கிலோமீட்டர் போல இருக்கும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், நான் போகவில்லை. தேவையும் இருக்கவில்லை. சாலைக்காக மண்ணை வெட்டிய ஒரு மேட்டில் மரம் வேரோடு குறுக்குவெட்டாகத் தெரிந்தது. நாடாவை எடுத்து அளந்தேன். மேலே பழுப்பு மண் 22 சென்டிமீட்டர். அதற்குக் கீழே வெளிர் சிவப்பில் உடைந்த குவார்ட்சைட் பாறை, செங்கல்லை ஒழுங்கில்லாமல் அடுக்கின மாதிரி. வேர் மண்ணில் படரவில்லை, கல்லிடுக்கில் சப்பையாக நசுங்கி இறங்கியிருந்தது. ஓர் இடுக்கில் என் கட்டைவிரல் அகலத்துக்கு வேர், காகித மட்டை கனத்துக்குத் தட்டையாகி, இரண்டு அடி கீழே மறுபடி உருண்டையாகியிருந்தது. பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டபோது “எர்ரசந்தனம் கல்லைக் கட்டிக்கிட்டுதான் வளரும் தம்பி, சேத்துல வராது” என்றார்.

நான் கணினிக்கு வானத்தை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். தரையைப் பற்றி அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காவது வரைபடத்துக்கு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பாறை வகை வரைபடம் எடுத்தேன். மண்ணுக்குச் சாயில்கிரிட்ஸ், 250 மீட்டர் கட்டம். இங்கேயும் இரண்டு இடத்தில் இடறினேன். சாயில்கிரிட்ஸில் களிமண் 350 என்று வந்தால் அது கிலோவுக்கு 350 கிராம், அதாவது 35 சதவீதம். கார அமில நிலையும் பத்தால் பெருக்கியதுதான். 287 டிகிரி அனுபவம் இருந்ததால் இதை உடனே பிடித்துவிட்டேன். பிடிக்காமல் விட்டது பாறை வகையில். குவார்ட்சைட்டுக்கு 3, ஷேலுக்கு 4, கிரானைட்டுக்கு 7 என்று எண் கொடுத்திருந்தேன். எல்லா அடுக்கையும் ஒரே கட்ட அளவுக்குக் கொண்டுவரும்போது வெப்பத்துக்குச் செய்கிற மாதிரியே இதற்கும் சராசரி எடுத்துவிட்டேன். குவார்ட்சைட்டும் கிரானைட்டும் தொடும் ஓரத்தில் எல்லாம் 5 என்று ஒரு புதுப் பாறை முளைத்தது. வகைக்குச் சராசரி கிடையாது. பக்கத்துக் கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில்தான் மாற்ற வேண்டும். இதற்கு இரண்டு ராத்திரி.

அப்புறம் வந்த வரைபடத்தைப் பார்த்தபோது கையைத் தட்டிவிட்டேன். ஆற்காடு, ஆரணி, நெல்லூர்ச் சமவெளி எல்லாம் அணைந்துவிட்டன. நல்லமலாவின் தெற்கிலிருந்து லங்கமல்லா, பாலகொண்டா, வெலிகொண்டா, சேஷாசலம் என்று கடப்பாப் படுகையின் ஓரமாகவே பச்சை வளைந்து வந்து, நகரி மலையில் இறங்கி, பள்ளிப்பட்டுப் பக்கம் தமிழ்நாட்டைத் தொட்டு நின்றது. திருமலைக்கு மலைப்பாதையில் ஏறும்போது கீழே கிரானைட்டும் மேலே குவார்ட்சைட்டும் பிரியும் கோடு கண்ணால் பார்க்கலாம், தேசிய நிலவியல் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். வரைபடத்தின் பச்சை ஏறக்குறைய அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு போனது.

சரிபார்க்க, பரப்பை நான்கு துண்டாக்கி, மூன்றில் பழக்கி நான்காவதில் சோதித்தேன். புள்ளிகளைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி கலைத்துச் சோதித்தால் பக்கத்துப் புள்ளி பக்கத்துப் புள்ளிக்கு விடை சொல்லிக்கொடுத்துவிடும். துண்டு துண்டாகச் சோதித்ததில் ஏயூசி 0.76 முதல் 0.87 வரை வந்தது. தனியாக எடுத்து வைத்த மங்கல் புள்ளிகளை இங்கே பயன்படுத்தினேன். 15 மங்கல் கட்டங்களில் 13க்குள் பச்சை இருந்தது. கணிப்பு பார்த்தே இராத புள்ளிகள் அவை.

எங்கள் ஊர் நடுத்தரத்துக்குப் போய்விட்டது. வானம் தோது, பாறை தோதில்லை. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மரம் தானாக நிற்கும் இடத்தைத்தான் இந்த வரைபடம் சொல்கிறது. நட்டு வளர்த்தால் சரளை கலந்த செம்மண்ணிலும் செம்மரம் வரும். என் நாற்றங்கால் வேலியோரம் 11 வயது மரம் ஒன்று நன்றாகவே நிற்கிறது, வைரம் பாய இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது என்றாலும். இன்னொரு விஷயம் அளவு. காலநிலைக் கட்டம் ஒன்று ஏறக்குறைய 200 ஏக்கர், மண் கட்டம் 15 ஏக்கர். சித்தப்பாவின் மொத்த நிலம் இரண்டரை ஏக்கர். மேட்டுக் கொல்லையும் பள்ளக் கொல்லையும் வரைபடத்தில் ஒரே புள்ளி.

அதனால் கடைசிச் சோதனையைக் கடப்பாரையால் செய்தேன். இரண்டு கொல்லையிலும் 45 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர், அதே ஆழம், ஒவ்வொரு குழி. முதலில் ஒரு தரம் நிரப்பி மண்ணை நனையவிட்டு, வடிந்ததும் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மறுபடி ஊற்றி, ஸ்கேலைக் குத்தி வைத்தேன். மேட்டுக் கொல்லையில் 3 மணி 10 நிமிடத்தில் காலி. பள்ளக் கொல்லையில் முதல் தடவை ஊற்றியதே அடுத்த நாள்தான் வடிந்தது. இரண்டாம் தடவை சாயங்காலம் 5 மணிக்கு ஊற்றினேன், மறுநாள் காலை 7 மணிக்கு 19 சென்டிமீட்டர் தண்ணீர் அப்படியே இருந்தது. பட்டறையில் சொல்லிச் செய்த 1.2 மீட்டர் மண் துளைக்கம்பியை இறக்கியதில், 55 சென்டிமீட்டரில் சாம்பல் நிறக் களி வந்தது, அதில் துருப்பிடித்த மாதிரிச் செம்புள்ளிகள். வருடத்தில் பல நாள் தண்ணீர் நின்று ஊறிய மண்ணுக்கு அதுதான் அடையாளம். மேலே பார்த்தால் அதுவும் நல்ல செம்மண்தான்.

செலவுக் கணக்கு: பிரவுசிங் சென்டர் 150, பென்டிரைவ் 450, பெட்ரோல் 600, சாப்பாடு டீ 180, துளைக்கம்பி 650. மொத்தம் 2,030 ரூபாய். இதில் வாங்குகிறவர்களுக்கு நேரடியாக உதவப்போவது அந்த 650 ரூபாய்க் கம்பி.

மறுபடி செய்தால் முதல் வாரமே மாமண்டூர் போய்விட்டு வந்து உட்காருவேன். பரப்பை ஆரம்பத்திலேயே சின்னதாக வெட்டுவேன். எந்தக் கோப்பைத் திறந்தாலும் கணிப்புக்குக் கொடுக்கும் முன் எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றைத் தட்டி, எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பேன். திருப்பதியின் ஆண்டு வெப்பம் 28ஐச் சுற்றி இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். பாறையும் மண்ணும் கடைசியில் இல்லை, முதலில்.

குழி பார்த்த அன்று சித்தப்பாவும் கூட நின்றார். செத்தது எத்தனை என்றே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம், பிழைத்தது எங்கே என்று யாரும் பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்து சுற்றிவந்து எண்ணினோம். உயிரோடு இருக்கும் 34 மரத்தில் 29 வரப்போரம் நிற்கின்றன. கிணறு தூர்வாரியபோது வந்த சரளையைக் கொட்டி அந்த வரப்பை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தார்கள். சித்தப்பா கையில் துளைக்கம்பியை வாங்கி வரப்பில் ஊன்றினார். கால் மீட்டர்கூட இறங்கவில்லை, கல் தட்டியது.

“ஆடி மழைக்கு மேட்டுக் கொல்லைல நாப்பது வைக்கலாம், கன்னு எடுத்து வைடா” என்றார்.